மலையகத்துக்கு விடுமுறை: தங்குமிடத்தையும் வாகனத்தையும் எப்படித் தெரிவு செய்வது?

“போன வருஷம் ஸ்பெயினில் ஏர்போர்ட்டிலேயே காரை எடுத்தோம். ஃபோனில் வழியைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிழமை ஊர் சுற்றினோம். ஒரு பிரச்சினையும் இல்லை. கட்டுநாயக்கவிலும் அப்படி ஒரு காரை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகலைக்கு வந்துவிடலாம்தானே?”

பாரிஸில் வசிக்கும் மாமா ஒருவர் வட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டார். டிசம்பர் விடுமுறை நெருங்கும்போதும் சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போதும் மலையகத்தில் இருக்கும் எவருக்கும் இப்படியான அழைப்புகள் வரும். எந்த ஹோட்டல் நல்லது? எந்த வேன் மலிவு? கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும்தான்.

மாமாவுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு முந்தைய பயணத்தில் அவருடைய குடும்பம் கொழும்பிலிருந்து வேன் அமர்த்தி வந்து, நுவரெலியாவில் ஒரு விடுதியில் தங்கியது. காலையில் நானும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். நானுஓயா தாண்டியதும் வேன் மெல்ல வலப்பக்கம் போனது. எதிரே வந்த லொறியின் ஹோர்ன் சத்தத்தில் சாரதி திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரங்கட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது, இரவு முழுக்க அவர் வேனுக்குள்ளேயே படுத்திருந்திருக்கிறார். விடுதியில் சாரதிக்கு இடமில்லையாம். போர்த்திக்கொள்ள ஒரு துவாய் மட்டுமே இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் ஹோட்டல் பட்டியல் இல்லை. மலையகத்துக்கு வருகிறவர்கள் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவற்றையும் கேட்க வேண்டியவற்றையும் தொகுத்திருக்கிறோம்.

முதலில் ஊரைத் தெரிவு செய்யுங்கள்

முன்பதிவு இணையத்தளங்களில் ‘நுவரெலியா’ என்று தேடினால் நூற்றுக்கணக்கான இடங்கள் வரும். அங்கேதான் முதல் குழப்பம். நுவரெலியா ஒரு நகரத்தின் பெயர், ஒரு மாவட்டத்தின் பெயரும் அதுவே. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாமே நுவரெலியா மாவட்டம்தான். நகரத்தில் ஏரிக்கரையில் இருக்கிறது என்று நினைத்து எடுத்த அறை, வந்து பார்த்தால் ஒன்றரை மணிநேரப் பயணத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் உச்சியில் இருக்கலாம். எனவே விளம்பரத்தில் உள்ள ஊர்ப்பெயரை நம்பாமல், விடுதிக்கே தொலைபேசியில் பேசி, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பிரதான வீதியிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்று கேளுங்கள்.

நீங்கள் எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தங்கும் ஊர் மாறும். விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹோர்ட்டன் சமவெளி என்பவைதான் திட்டமென்றால் நுவரெலியா நகரமே வசதி. சிவனொளிபாதமலைக்கு ஏற வருபவர்கள் நல்லதண்ணி அல்லது மஸ்கெலியாப் பக்கம் தங்கலாம். சென்கிளேயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள், தேயிலைத் தோட்டங்கள், ரயில் பயணம் என்று நிதானமாகச் சுற்ற விரும்புவோருக்கு ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை நல்ல நடுவிடம். கொட்டகலை ஹட்டனிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். இரண்டுக்கும் இடையில் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும். சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்கள் நுவரெலியாவில் அறை எடுத்துவிட்டு தினமும் கொட்டகலைக்கு வந்து போவது காசுக்கும் உடம்புக்கும் நட்டம்.

சென்கிளேயர் பற்றி ஒரு குறிப்பு. ‘அறை ஜன்னலில் நீர்வீழ்ச்சி’ என்று காட்டப்படும் படங்களில் பல, மழைக்காலத்தில் அல்லது பழைய காலத்தில் எடுத்தவை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு அந்த நீர்வீழ்ச்சியின் நீர், திறந்துவிடப்படும் அளவைப் பொறுத்தது. அந்தக் காட்சிக்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டாம்.

காலம் பார்த்துப் பதியுங்கள்

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டமும் குதிரைப் பந்தயமும் நடக்கும். சாதாரண நாளில் கிடைக்கும் அறை அப்போது பல மடங்கு விலைக்குப் போகும். வாகனம் நிறுத்த இடம் கிடைப்பதும் கடினம். டிசம்பர் போயா தினத்திலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அந்த மாதங்களில் வார இறுதியிலும் போயா தினங்களிலும் ஹட்டன் நகரைக் கடக்கவே நேரமெடுக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தை நன்றாக நனைக்கும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழையையும் மண்சரிவையும் எதிர்பார்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். உயிர்களும் வீடுகளும் போயின, வீதிகள் உடைந்தன, மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் சிதைந்தது. ஆகவே ரயிலை நம்பித் திட்டம் போடுவோர் அந்தப் பகுதியில் சேவை நடக்கிறதா என்று ரயில்வே திணைக்களத்திடம் கேட்ட பின்னரே அறையைப் பதிய வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார்நிலை, சிவப்பு என்றால் வெளியேற்றம். நீங்கள் தங்கப்போகும் பிரதேச செயலகப் பிரிவுக்கு எந்த நிறம் என்பதைப் புறப்படும் நாள் காலையில் பாருங்கள். செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மழைக்காலத்தில் அறை பதிவதென்றால், கடைசி நேரத்தில் ரத்துச் செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையையே தெரிவு செய்யுங்கள். சற்று விலை கூடினாலும் பரவாயில்லை.

எத்தனை வகைத் தங்குமிடங்கள்?

மலையகத்தில் தங்குமிடங்களைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம்.

*பழைய பெரிய ஹோட்டல்கள்.* நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல், ஹில் கிளப் போன்றவை வெள்ளையர் காலத்துக் கட்டடங்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை அப்படியே ஹோட்டலாக மாற்றப்பட்டிருக்கிறது. வசதிக்குக் குறைவில்லை, விலைக்கும் குறைவில்லை.

*தோட்ட பங்களாக்கள்.* துரைமார் வாழ்ந்த வீடுகள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சில பங்களாக்கள் 2005 முதல் உயர்தர விடுதிகளாக இயங்குகின்றன. கொட்டகலை, லிந்துலை, தலவாக்கலைப் பக்கங்களிலும் குடும்பமாக மொத்தமாக எடுக்கக்கூடிய சிறிய பங்களாக்கள் உள்ளன. எட்டுப் பத்துப் பேர் வந்தால் தனித்தனி அறைகளைவிட இது மலிவாகவும் அமையலாம். சமையல்காரர் இருக்கிறாரா, சாமான்களை நாமே வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

*விருந்தினர் விடுதிகள்.* நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் தங்குவது இவற்றில்தான். தரம் விடுதிக்கு விடுதி மாறும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யப்பட்ட இடமா என்று பாருங்கள். சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம், 1912 என்ற இலக்கத்திலும் கேட்கலாம். பதிவு இருந்தால் முறையிட ஓர் இடமாவது இருக்கும்.

*வீட்டுத் தங்கல்.* ‘ஹோம்ஸ்டே’ என்று சொல்வது. வீட்டுக்காரர்களோடு தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடலாம். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

விலையில் ஒளிந்திருப்பவை

‘20,000 பிளஸ் பிளஸ்’ என்று சொல்லப்பட்டால் நீங்கள் கொடுக்கப்போவது 20,000 அல்ல. 10 வீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22,000. அதன்மேல் 18 வீத வற் வரி சேர்ந்தால் 25,960 ரூபாய். மூன்று அறை, மூன்று இரவு என்றால் வித்தியாசம் மட்டுமே 53,000 ரூபாயைத் தாண்டும். “எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு போகும்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் இங்கேதான் சங்கடப்படுவார்கள். தேசிய அடையாள அட்டையோ இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழோ இருந்தால் உள்நாட்டு விலை கிடைக்குமா என்று பதிவதற்கு முன்பே கேளுங்கள். வரவேற்பு மேசையில் நின்று வாதாடிப் பயனில்லை.

அறையைப் பதியுமுன் கேட்க வேண்டியவை

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டன் சுமார் 1,270 மீற்றர். கொழும்பு வெயிலில் இருந்துகொண்டு அறை பதிகிறவர்களுக்கு இந்தக் குளிர் நினைவுக்கு வராது.

சுடுநீர் எப்படி வருகிறது என்று கேளுங்கள். சூரிய சக்தியில் மட்டும் என்றால், மூன்று நாள் மூடுபனியில் குளிர்நீரில்தான் குளிக்க வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் வருகிறார்கள் என்றால் அறைக்கு ஹீட்டர் உண்டா, மேலதிகப் போர்வை உண்டா என்று கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா? மரக்கறிச் சாப்பாடு, ஹலால் சாப்பாடு தனியாகச் சமைப்பார்களா? முழங்கால் வலி உள்ளவர் வந்தால் வாகனத்திலிருந்து அறைக்கு எத்தனை படிகள்? மலையில் கட்டிய விடுதிகளில் ஐம்பது அறுபது படிகள் சாதாரணம்.

முக்கியமாக, கடைசி ஒரு கிலோமீற்றர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிரதான வீதி நன்றாக இருக்கும். அங்கிருந்து பிரியும் தோட்டப் பாதை கல்லும் குழியுமாக, ஒரு வாகனம் மட்டுமே போகும் அகலத்தில் இருக்கலாம். பெரிய வேன் போகுமா, மழையில் போகுமா என்று விடுதியிடம் கேட்பதைவிட, முடிந்தால் அந்த ஊர் ஓட்டோக்காரரிடம் கேளுங்கள். அவர் மறைக்க மாட்டார்.

நீங்களே ஓட்டுவதா?

மாமாவின் கேள்விக்கு வருவோம். ஸ்பெயினிலும் பிரான்சிலும் வாகனங்கள் வலப்பக்கம் போகும். இலங்கையில் இடப்பக்கம். அகலமான நெடுஞ்சாலையில் இந்த மாற்றம் ஒரு நாளில் பழகிவிடும். கினிகத்தேனை வளைவுகளில், எதிரே பஸ் வரும்போது, பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது, இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் அதைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கருமபீடத்தில் பெறலாம். அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதிப் பணமும் கிடைக்காது.

வாடகைக் கார் எடுப்பவர்கள் பார்க்க வேண்டியவை:

- காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டுமா, முழுமையானதா? அதைவிட முக்கியம், ‘வாடகைக்கு விடும் வாகனம்’ என்று காப்புறுதியில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா? தெரிந்தவரின் சொந்தக் காரை நாள்வாடகைக்கு எடுத்தால், தனிப்பட்ட பாவனைக்கான காப்புறுதி என்று சொல்லி நட்டஈடு மறுக்கப்படலாம்.
- வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகாமல் இருக்கிறதா?
- நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் வாடகையில் அடங்கும்? மேலதிகக் கிலோமீற்றருக்கு எவ்வளவு?
- முற்பணம் எப்போது, எப்படித் திரும்பும்? வாகனத்தை எடுக்கும்போதே கீறல்களையும் மைல்மீற்றரையும் எரிபொருள் அளவையும் வீடியோ எடுங்கள்.
- டயரின் பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றனவா? நான்கையும், மாற்று டயரையும் பாருங்கள். தேய்ந்த டயரோடு மழையில் மலையேற வேண்டாம்.

வாகனத்தின் அளவும் முக்கியம். 800 சீசீ சிறிய காரில் நான்கு பெரியவர்களும் பெட்டிகளும் ஏறினால் ஏற்றத்தில் திணறும். இருவர் மட்டும் என்றால் அதுவே குறுகிய தோட்டப் பாதைக்கு வசதி. ஆறு பேருக்கு மேல் என்றால் வேன்தான்.

ஓட்டத்தில் ஒரு பாடம். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கருகிய வாசனை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஓட்டோமெட்டிக் கார் என்றால் குறைந்த கியருக்கான நிலை எது, ஹைபிரிட் என்றால் எஞ்சின் பிரேக் நிலை எது என்று கார் எடுக்கும் இடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வாகனத்துக்கு இடம் விடுங்கள். மூடுபனியில் பெரிய வெளிச்சத்தைப் போடாதீர்கள், அது உங்கள் கண்ணையே மறைக்கும்.

குறுக்குவழி வேண்டாம்

கொழும்பிலிருந்து வருவோருக்கு இரண்டு பிரதான வழிகள். ஒன்று அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதி. மற்றது கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழி. கொட்டகலைக்கு வருபவர்களுக்கு முதலாவதே நேர்வழி.

ஃபோனில் உள்ள வழிகாட்டி தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும், சரிவின் செங்குத்தைச் சொல்லாது. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்ல குறுக்கு வீதி அதற்கு உதாரணம். 2023 ஜனவரி 20ஆம் திகதி அங்கே, சுற்றுலா வந்த கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதியது. வேனில் இருந்தவர்களும் ஓட்டோ சாரதியுமாக 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள்.

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. இரவில் மலையேறாதீர்கள், மலையிறங்காதீர்கள். விமானம் மாலையில் இறங்கினால் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி, காலையில் புறப்படுங்கள். அந்த ஒரு இரவின் வாடகை வீண் செலவு அல்ல.

சாரதி எங்கே தூங்குவார்?

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்லும் பதில், சாரதியோடு வேன் எடுங்கள் என்பதுதான். முடிந்தால் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துச் சாரதியை அமர்த்துங்கள். கொழும்பிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, இங்கே வேன் எடுக்கலாம். இந்த வளைவுகளில் தினமும் ஓடுபவருக்கு எங்கே மண் சரியும், எங்கே பனி இறங்கும் என்று தெரியும்.

பேசும்போது இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எரிபொருள் யாருடையது? கிலோமீற்றர் கணக்கா, நாள் கணக்கா? சாரதியின் நாட்படி எவ்வளவு, இரவு தங்கினால் எவ்வளவு? அவருடைய சாப்பாடு யாருடைய பொறுப்பு?

பிறகு விடுதிக்கு அழைத்து இதைக் கேளுங்கள்: “டிரைவருக்கு அறை இருக்கிறதா? கட்டிலும் போர்வையும் கழிவறையும் உண்டா?” பெரிய ஹோட்டல்களில் சாரதிகளுக்குத் தனியிடம் உண்டு. சிறிய விடுதிகள் பலவற்றில் இல்லை. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில் வேனுக்குள் படுத்தவர் காலையில் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் இறங்கப்போகிறார். விடுதியில் இடமில்லை என்றால் பக்கத்தில் அவருக்கு ஒரு சிறிய அறை எடுத்துக் கொடுங்கள். உள்ளூர்ச் சாரதி என்றால் இரவில் வீட்டுக்குப் போய்த் தூங்கி, காலையில் வரச் சொல்லலாம்.

நம் காசு யாருக்குப் போகிறது?

ஸ்பெயினில் 1928 முதல் ‘பரடோர்’ என்ற அரச ஹோட்டல்கள் இயங்குகின்றன. பழைய கோட்டைகளையும் மடங்களையும் அரசே விடுதிகளாக்கியிருக்கிறது. இங்கே துரைமார் பங்களாக்களில் பல, தனியார் விடுதிகளாகிவிட்டன. சில பங்களாக்களில் ஓர் இரவுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அந்த 1,350 ரூபாய்க் கணக்கில், ஒரு இலட்சம் என்பது 74 நாள் கொழுந்து.

பங்களாவில் தங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே சமைப்பவர்களும் தோட்டம் துப்புரவாக்குபவர்களும் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் லயத்தில் வாழும் ஒரு குடும்பம் தன் வீட்டின் ஓர் அறையை வீட்டுத் தங்கலாகப் பதிவு செய்ய முடியாது. பதிவுக்குக் காணி உறுதியோ குத்தகைப் பத்திரமோ கேட்பார்கள். லயத்துக்கு உறுதி ஏது? மலையின் அழகை விற்கும் தொழிலில், மலையை உருவாக்கியவர்கள் முதலாளியாக முடியாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வருகிறவர்கள் செய்யக்கூடியது சிறியதுதான். தனிவீடும் உறுதியும் கிடைத்த குடும்பங்கள் நடத்தும் வீட்டுத் தங்கல் இருந்தால் ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். மதியச் சாப்பாட்டை ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். விடுதி ஊழியருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். கொழுந்து பறிப்பவரைப் படமெடுக்குமுன் “எடுக்கலாமா அக்கா?” என்று கேளுங்கள். லயத்து வாசலில் கேமராவோடு நிற்காதீர்கள். அது அவர்களுடைய வீடு.

கையில் வைத்திருக்க வேண்டிய இலக்கங்கள்

பொலிஸ் அவசர சேவை 119. இலவச அம்பியூலன்ஸ் 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சுற்றுலாத் தகவலும் முறைப்பாடும் 1912. தோட்டப் பாதைகளில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உண்டு. விடுதியின் இலக்கத்தையும் வழியையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு இவ்வளவையும் குரல் பதிவாக அனுப்பினேன். கார் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கொட்டகலையில் ஒரு வீட்டை மொத்தமாக எடுத்து, ஹட்டன் சாரதி ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். அவர் இரவில் தன் வீட்டில் தூங்குவார்.